பெல்லிடம் சொன்னது: அமெரிக்கப் பாடகர் அல் கிரீனுக்கு ஒரு கடிதம்

அருள்திரு அல் கிரீன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். 1977இல் நீங்கள் வெளியிட்ட ‘பெல்’ என்ற பாட்டைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று போன வாரம் உட்கார்ந்தவன், அதன் உயிரான ஒரே வரியில் மாட்டிக்கொண்டேன். நான் விரும்புவது உன்னை, ஆனால் எனக்குத் தேவையானவர் அவர் என்று, கடவுளைச் சுட்டி, பெல் என்னும் பெண்ணிடம் நீங்கள் சொல்லும் வரி அது. தமிழில் எழுதிய உடனே ‘உன்னை’, ‘அவர்’ என்னும் இரண்டு சொற்களும் வழக்கைத் தீர்த்துவைத்துவிடுகின்றன. காதலிக்கு ‘நீ’, கர்த்தருக்கு ‘நீர்’, ‘அவர்’ என்று எங்கள் சபைகளில் பிள்ளைகளுக்கு முதல் ஜெபத்திலேயே பழக்கிவிடுவார்கள். உங்கள் ஆங்கிலத்தில் அந்த மரியாதை விகுதி கிடையாது. வேறுபாட்டைக் காட்டும் வேலை முழுவதும் குரலின் தலையில் விழுகிறது. நீங்களோ குரலை மாற்றவே இல்லை. ஒரு பெண்ணை அருகில் அழைக்கும் அதே மெல்லிய குரலில்தான் அவளிடம் ‘முடியாது’ என்றும் சொல்கிறீர்கள். இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அதுதான்.

ஆர்கன்சா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் 1946இல், விளைச்சலில் பங்குக்குப் பிறர் நிலத்தில் பயிர் செய்த குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தீர்கள். சகோதரர்களோடு நற்செய்திப் பாட்டுக் குழுவில் சிறு வயதிலேயே பாடினீர்கள். குடும்பம் மிச்சிகனுக்குக் குடிபெயர்ந்த பின், காதல் பாட்டுகள் பாடும் ஜாக்கி வில்சனின் இசைத்தட்டைக் கேட்ட குற்றத்துக்காக அப்பா உங்களை வீட்டைவிட்டு அனுப்பிய கதையை எல்லோரும் அறிவார்கள். அதைச் சொல்பவர்கள் அப்பாவைப் பழமைவாதி என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆலயத்தில் ஆவி இறங்கும்போது எழும் கதறலும் ஜாக்கி வில்சன் உச்சத்தில் எழுப்பும் கதறலும் ஒன்றே என்பது அவர் காதுக்குத் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். அவரைக் கலங்கடித்தது வேற்றுமை அல்ல, ஒற்றுமை.

மெம்ஃபிஸில் இசைத் தயாரிப்பாளர் வில்லி மிட்செல் உங்களிடம் கேட்டது அந்தக் கதறலுக்கு நேர்மாறானது. மற்றவர்களைப் போலப் பாடாதே, அல் கிரீனாகப் பாடு, குரலைத் தாழ்த்து என்றார் அவர். பழைய சினிமாக் கொட்டகையை மாற்றியமைத்த ராயல் ஸ்டூடியோவில், இருக்கைகள் இருந்த காலத்துச் சரிவு இன்னும் போகாத தரையில், சார்ல்ஸ் ஹாட்ஜஸின் ஆர்கனும் அவருடைய சகோதரர்கள் டீனியின் கிட்டாரும் லீராயின் பேஸும் அடக்கி வாசிக்க, மூச்சு கேட்கும் தொலைவில் மைக்கை வைத்து நீங்கள் பாடினீர்கள். மிட்செலும் டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சனும் அமைத்த மெட்டுக்கு நீங்கள் சொல் எழுதிய ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ 1972 பிப்ரவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அந்தத் தாழ்ந்த குரலை நான் தனியறை ஜெபத்தின் குரலாகத்தான் கேட்கிறேன். ஆலயத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக உலகம் நினைத்த நேரத்தில், சத்தமாகத் துதிப்பதை மட்டுமே விட்டிருந்தீர்கள்.

டீனி ஹாட்ஜஸோடு சேர்ந்து நீங்கள் எழுதிய ‘டேக் மீ டு த ரிவர்’ 1974இல் வந்தது. தன் காசையும் சிகரெட்டையும் எடுத்துக்கொண்டு போன பெண்ணைப் பற்றிப் புலம்புகிற ஒருவன், அடுத்த மூச்சில் தன்னை ஆற்றுக்குக் கொண்டுபோய் முழுக்கி எடுக்கும்படி கேட்கிறான். ஞானஸ்நானத்தையும் சிகரெட்டையும் ஒரே பாட்டில் வைக்கத் துணிவு வேண்டும். அவன் மனந்திரும்ப நினைக்கிறானா, அவளிடமே மறுபடி போக நினைக்கிறானா என்பது பாட்டு முடிந்த பிறகும் தெரிவதில்லை. உங்கள் பாட்டுகளில் எழுத்தாக மட்டும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

உங்கள் மனமாற்றத்துக்கு, அதே ஆண்டு அக்டோபரில் உங்கள் வீட்டில் நேர்ந்த துயரத்தையே பலரும் காரணம் காட்டுகிறார்கள். நீங்களோ அதற்கு முந்தைய ஆண்டில், கலிஃபோர்னியாவில் கச்சேரி முடிந்து தங்கிய இரவில் நடந்ததையே சொல்லிவருகிறீர்கள். உங்கள் வாக்கையே நான் நம்புகிறேன்; ‘ஆற்றுப்’ பாட்டே அதற்குச் சாட்சி. 1976இல் மெம்ஃபிஸில் ஃபுல் காஸ்பல் டேபர்னக்கிள் சபையைத் தொடங்கிப் போதகரானீர்கள். மறு ஆண்டு மிட்செல் இல்லாமல், கிட்டாரை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு ‘பெல்’ செய்தீர்கள்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். 1979இல் சின்சினாட்டி மேடையிலிருந்து விழுந்ததைத் தேவ எச்சரிக்கையாக ஏற்றுக் காதல் பாட்டுகளை ஒதுக்கிவைத்தீர்கள். அதை மறுக்க நான் யார்? அந்த ஆண்டுகளின் நற்செய்திப் பாட்டுகளுக்குத்தான் கிராமி விருதுகளும் வரத் தொடங்கின. ஆனாலும், ஜாக்கி வில்சனின் தட்டு சுழன்ற வீட்டில் அப்பா சொன்ன தீர்ப்பை, இத்தனை ஆண்டு கழித்து, நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டது போல எனக்குப் பட்டது. 2003இல் அதே ராயல் ஸ்டூடியோவுக்கு, அதே மிட்செலிடம் திரும்பிப் போய், ஆனால் பிரசங்கபீடத்தை விடாமலே, நீங்கள் மறுபடியும் காதலைப் பாடியபோதுதான் எனக்கு மனம் ஆறியது.

மொழிபெயர்ப்பைக் கேட்பீர்களானால், ‘ஆசை உன்மேல்தான் பெல், ஆனால் அவர் இல்லாமல் எனக்கு ஆகாது’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ‘ஆகாது’ என்பது கீர்த்தனைப் புத்தகத்துச் சொல் அல்ல. அன்றாடம் வீட்டில் புழங்குகிற சொல். எங்கள் பாடகர் குழுவில் இதைப் பாடிக் காட்டினால் பின்பாதிக்கு ஆமென் சொல்ல ஆள் இருக்கிறது. முன்பாதிக்கு மூப்பர்கள் என்னை வெளியே அனுப்பாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் ரசிகன்