டிக்கெட் விற்ற இயக்குநர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் தைவானில் படமெடுக்கும் இயக்குநர் சாய் மிங் லியாங் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். நம் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்ததே சந்தோஷம். ஆனால் கட்டுரையாளர் 1992இல் வந்த முதல் படத்திலிருந்துதான் அவர் கதையை ஆரம்பிக்கிறார். அப்புறம், அவர் படங்கள் நத்தை மாதிரி நகர்வது விருதுக் குழுக்களை மயக்கத்தான் என்று ஒரு வரி. அந்தக் கதையின் முதல் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் விட்டதால்தான் இந்த வரி வந்திருக்கிறது.

நான் சினிமா படித்தவன் இல்லை. மலேசியாவின் பேராக்கில் ஒரு சின்ன டவுன் தியேட்டரில் 1971 முதல் 1988 வரை வேலை பார்த்தேன். முதலில் டார்ச் அடித்து இடம் காட்டும் வேலை, பிறகு டிக்கெட் கவுண்டர். இப்போது அந்தக் கட்டடத்தில் சோபாவும் கட்டிலும் விற்கிறார்கள். என் மகள் இரண்டு வருடம் தைவான் தலைநகர் தைப்பேயில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது ஒரு பை நிறைய டிஸ்க்கு கொண்டுவந்தாள். அப்படித்தான் இந்த மனிதர் எனக்குப் பழக்கமானார்.

சாய் தைவானுக்குப் போனது இருபது வயதில், 1977இல். அங்கே நாடகம் படித்து 1982இல் பட்டம் வாங்கினார். அவருடைய தொலைக்காட்சி நாடகங்கள்தான் எனக்கு முதலில் பிடித்தவை. 1989இல் அவர் எடுத்த ஒன்று, 'உலகத்து மூலைகள் எல்லாம்' என்பதுபோல் தலைப்பு வரும், தைப்பேயில் சினிமா தியேட்டர்கள் நெருக்கியடிக்கும் சிமென்திங் பகுதியில் பிளாக் டிக்கெட் விற்றுப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் கதை. பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தியேட்டர் வாசலிலும் அப்படி நாலு பேர் இருந்தார்கள். பெருநாள் படம் வந்தால் முன்வரிசை டிக்கெட்டை எங்கள் கவுண்டரிலேயே வாங்கி, பத்தடி தள்ளி நின்று இரண்டு மடங்குக்கு விற்பார்கள். முதலாளி அவர்களை 'உலாட்' என்பார், மலாயில் புழு. அந்தப் புழுக்களுக்கும் வீடு, பிள்ளை, பள்ளிச் சீருடை எல்லாம் உண்டு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பதினேழு வருடத்தில் அவர்களிடம் பேசியதெல்லாம் "தள்ளி நில்லு" மட்டும்தான்.

1991இல் இன்னொரு தொலைக்காட்சிப் படம். ஒரு பள்ளி மாணவன் தன்னைவிடச் சின்னப் பையனை மிரட்டிக் காசு பறிக்கிறான். அவனையே அவனைவிடப் பெரியவர்கள் மிரட்டிப் பறிக்கிறார்கள். அதற்கு ஆள் தேடும்போதுதான் வீடியோ கேம் கடை ஒன்றின் வாசலில் லீ காங் ஷெங்கைச் சாய் பார்த்தார். போலீஸ் வருகிறதா என்று நோட்டம் பார்க்கும் வேலையாம் அந்தப் பையனுக்கு. நடிப்பு தெரியாது. தலையைத் திருப்பச் சொன்னால் ஆடி அசைந்து திருப்புவார், கண் சிமிட்டுவதுகூட மெதுவாகத்தான். கொஞ்சம் வேகமாகச் செய் என்று சாய் கேட்டாராம். நான் இப்படித்தான் என்று பையன் சொல்லிவிட்டான். இதைச் சாயே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேறு இயக்குநராக இருந்தால் ஆளை மாற்றியிருப்பார். இவர் தன்னை மாற்றிக்கொண்டார். அன்று முதல் இன்றுவரை சாயின் ஒவ்வொரு முழுநீளப் படத்திலும் லீதான். ஆக அந்த மெதுவான ஓட்டம் வெனிஸ், பெர்லின் மாதிரிப் பட விழாக்களில் பிறந்தது இல்லை. டிவிக்கு எடுத்த ஒரு நாடகத்தில், நடிக்கத் தெரியாத ஒரு பையனிடமிருந்து வந்தது.

விருதுகளை உங்கள் கட்டுரையே வரிசையாகச் சொல்லிவிட்டது. 1994இல் வெனிஸ் விழாவின் பெரிய விருதான தங்கச் சிங்கம் வாங்கிய படத்தின் கடைசிக் காட்சி மட்டும் ஒரு வார்த்தை. வேலை முடியாத ஒரு பூங்காவில், பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பெண் நிமிடக்கணக்கில் அழுகிறாள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அழுகை நிற்க அவ்வளவு நேரம் ஆகத்தானே செய்யும்" என்றாள். நான் அதற்குமேல் என்ன சொல்ல?

என்னை உலுக்கியது 2003இல் வந்த 'குட்பை டிராகன் இன்'. தைப்பேக்குப் பக்கத்தில் யோங்ஹே என்ற இடத்தில் ஃபூஹோ என்று பெரிய பழைய தியேட்டர். மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அதை வாடகைக்கு எடுத்து, அதற்குள்ளேயே படமாக்கினார். கதை என்று ஒன்றும் இல்லை. கடைசி இரவு, வெளியே மழை, திரையில் 1967இல் வந்த ஒரு வாள்சண்டைப் படம் ஓடுகிறது. அந்தப் படத்தை நானே பையனாக இருந்தபோது, வெள்ளைத்துணி கட்டிய கொட்டகையில் பார்த்திருக்கிறேன். திரையில் கேட்கும் பழைய வசனத்தை விட்டால், முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான் யாராவது வாய் திறக்கிறார்கள்.

அதில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்குக் கால் சரியில்லை. அவள் படியேறுவதை முழுசாகக் காட்டுகிறார், ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம். வேகவைத்த இனிப்பு பன் ஒன்றைப் பாதி தின்றுவிட்டு மீதியை மேலே ஆப்பரேட்டர் ரூமுக்குக் கொண்டுபோகிறாள். ஆப்பரேட்டர் அங்கே இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தியேட்டரில் வேலை பார்க்காதவர்கள். எங்கள் கவுண்டருக்கும் ஆப்பரேட்டர் ரூமுக்கும் நடுவில் 34 படி. அந்தப் படிகளில் என் டீ எத்தனை முறை ஆறிப்போயிருக்கிறது!

இருட்டில் ஒரு பெண் குவாச்சி, அதாவது வறுத்த விதை, உடைத்துக்கொண்டே இருப்பாள், 'டிக், டிக்' என்று. ஷோ முடிந்தபிறகு அந்தத் தோலைக் கூட்டி அள்ளியவனுக்குத்தான் அந்தச் சத்தத்தின் கனம் தெரியும். நடைபாதையில் ஆண்கள் ஆண்களைத் தேடி நிழல் மாதிரி அலைவதையும் மறைக்காமல் காட்டியிருக்கிறார். எங்கள் தியேட்டரிலும் அது உண்டு. எங்களுக்குத் தெரியும், யாரும் வாய் விடமாட்டோம்.

பழைய வாள்சண்டைப் படத்தில் நடித்த மியாவ் தியன், ஷி சுன் இரண்டு பேரும் வயதாகி அதே தியேட்டரில் உட்கார்ந்து தங்கள் இளவயதுச் சண்டையைப் பார்க்கிறார்கள். வெளியே வந்து, இப்போது யாரும் படம் பார்க்க வருவதில்லை, நம்மையும் யாருக்கும் ஞாபகம் இல்லை என்று பேசிக்கொள்கிறார்கள். பிறகு காலி ஹால். அந்தப் பெண் கூட்டிப் பெருக்கிவிட்டு நொண்டி நொண்டி வெளியே போய்விடுகிறாள். கேமரா நகரவில்லை. நிமிடக்கணக்கில் வெறும் நாற்காலிகள். நான் வரிசைகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன், பழக்கதோஷம்.

கோலாலம்பூரிலும் ஒரு படம் எடுத்தார், 2006இல். 1997 பொருளாதாரச் சரிவில் பாதியில் நின்றுபோன கட்டடம், அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீர், ஊரெல்லாம் புகைமூட்டம். அடிபட்டு ரோட்டில் கிடக்கும் ஒருவனைத் தூக்கிவந்து துடைத்துச் சோறு ஊட்டுவது வெளிநாட்டுக் கட்டடத் தொழிலாளி. நம் தணிக்கை வாரியம் முதலில் தடை போட்டு, பிறகு சில இடங்களை வெட்டி அனுமதித்தது. நம் ஊரைப் பற்றிய இந்தப் படத்துக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

தைவானில் தன் படத்துக்குக் கூட்டம் வராது என்று தெரிந்து, சாயும் லீயும் தெருவில் நின்று கையிலேயே டிக்கெட் விற்றிருக்கிறார்கள். பிளாக் டிக்கெட் குடும்பத்தைப் படமெடுத்தவர் கடைசியில் தானே டிக்கெட் கட்டோடு தெருவில் நின்றார். தொலைக்காட்சிக் காலத்தை விட்டுவிட்டால் இது வெறும் துணுக்காகிவிடும்.

இன்னொன்று. 'தைவானில் பிறந்த' என்று ஆரம்பிக்கிறது உங்கள் கட்டுரை. அவர் பிறந்தது 1957இல், நம் மலேசியாவின் சரவாக்கில், கூச்சிங்கில். தாத்தா பாட்டிதான் அவரைச் சின்ன வயதில் சினிமாவுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியவர்கள், அங்கேதான். மற்றதை விடுங்கள், இதையாவது அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்கள். கூச்சிங்கில் எனக்கு ஒரு சம்பந்தி இருக்கிறார். பேப்பர் பார்த்துவிட்டு, நான் பசியாறுவதற்கு முன்பே போன் செய்துவிட்டார்.

இப்படிக்கு,
பழைய டிக்கெட் கவுண்டர்க்காரன்,
ஈப்போ