சின்தசைசர் பொத்தான் வித்தை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மின்னணு இசை பற்றி வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். திரையிசையில் கீபோர்டு நுழைந்த காலத்தைச் சுவையாகச் சொன்ன கட்டுரையாளர், அதற்கு முந்தைய வரலாற்றையெல்லாம் உழைப்பில்லாமல் பொத்தானை அழுத்தினால் வரும் ஓசை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது உறுத்தியது. காவேரிப்பட்டணத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ரேடியோ, ஆம்பிளிஃபயர், மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டு ஆகியவற்றைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

மின்சுற்றுகளாலேயே ஓசையை உருவாக்கும் இசைக்கருவியான அனலாக் சின்தசைசருக்குள் பதிவு செய்து வைத்த ஓசை எதுவும் கிடையாது. ஆசிலேட்டர் என்ற மின்சுற்று ஓயாமல் கரகரப்பான ஓர் அலையை எழுப்பிக்கொண்டே இருக்கும். அதை ஃபில்டர் செதுக்கும். ஒரே மூச்சில் 'ஊ' என்று தொடங்கி, மெல்ல வாயைத் திறந்து 'ஆ' என்று முடித்துப் பாருங்கள். சுருதி அப்படியே நிற்க, வாயின் வடிவம் மட்டும் மாறி ஓசை வேறாகிவிடும். ஃபில்டர் பார்ப்பது அந்த வாயின் வேலைதான். ஓசை மிருதங்க அடிபோலச் சட்டென்று எழுந்து அடங்குவதா, நாகசுரம்போல நின்று ஒலிப்பதா என்பதை என்வலப் என்னும் இன்னொரு சுற்று முடிவு செய்யும். தொடாமலே, கைகளைக் காற்றில் அசைத்து வாசிக்கும் தெரமின் என்ற மின்னணுக் கருவிகளைச் செய்து விற்றுவந்த அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து 1964இல் உருவாக்கிய கருவியில், இவை அத்தனையையும் மின்னழுத்தமே ஆட்டுவித்தது. ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்ற அவரது கணக்கு இன்றும் வழக்கில் உள்ளது. ஏறத்தாழ அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் டான் புக்லா, பியானோக் கட்டைகளே இல்லாத கருவியைச் செய்தார். கட்டைகள் இருந்தால் விரல்கள் பழைய இசைக்கே திரும்பிவிடும் என்பது அவர் தரப்பு. நியாயமான வாதம்தான், ஆனால் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்த் திருவிழா மேடையில் காலம் தள்ள முடியாது.

உழைப்பில்லாத இசை என்பதற்கு மறுமொழியாக இரண்டு பெண்களைச் சொல்லலாம். லண்டனில் பிபிசியின் ஒலிப் பட்டறையில் டீலியா டெர்பிஷயர், 1963இல், சின்தசைசர் என்ற பொருளே கையில் இல்லாத நிலையில், மீட்டிய ஒற்றைத் தந்தியின் ஒலியையும் சோதனை ஆசிலேட்டர்களின் ஒலியையும் நாடாவில் பதிந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய நீளத்தில் நாடாவை வெட்டி ஒட்டி, ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை உருவாக்கினார். வெண்டி கார்லோஸ் 1968இல் வெளியிட்ட, ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாஹின் இசைத்தட்டுக்கு மோக் கருவியைத்தான் பயன்படுத்தினார். அது ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே தரும் என்பதால், நான்கு குரல்கள் சேர வேண்டிய இடத்தில் நான்கையும் தனித்தனியாக வாசித்து நாடாவில் அடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கருவிகள் எவ்வளவு படுத்தும் என்பதை நானும் கண்டிருக்கிறேன். எண்பதுகளின் பிற்பாதியில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒற்றைக் குரல் சின்தசைசர் ஒன்றை இந்தப் பகுதி மெல்லிசைக் குழு ஒன்று வைத்திருந்தது. ஒரு பங்குனி மாதக் கச்சேரியில், பகலெல்லாம் வேன் கூரையில் வெயிலில் காய்ந்த அந்தக் கருவி, இரவுக் காற்றில் குளிரக் குளிரச் சுருதி நழுவிக்கொண்டே போயிற்று. பாடகர் முறைக்கிறார், வயலின்காரர் பிருடையைத் திருகுகிறார். சுற்றில் உள்ள டிரான்சிஸ்டர் என்ற சிறு உறுப்பின் மின்னழுத்தம் வெப்பத்தோடு மாறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிவோல்ட் என்பது எனக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் அதை யாரிடம் விளக்குவது? மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில், ஆர்மோனியத்தின் ஷட்ஜத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, சுருதியைச் சீராக்கும் கடுகளவு திருகான டிரிம்மரைத் திருகித் திருகிச் சேர்த்தேன். இரண்டு பாட்டுக்கு நின்றது. மூன்றாவதில் மறுபடியும் திறக்க வேண்டியதாயிற்று.

இந்திய வரலாற்றையும் கட்டுரையாளர் திரையிசையிலிருந்தே தொடங்குகிறார். 1969இலேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மோக் சின்தசைசருடன் ஒரு மின்னணு இசைக்கூடம் இயங்கியது. அதை அமைத்துத் தந்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். அதற்குப் பின்னணியில் இருந்தவர், பக்கவாஜ் என்ற வட இந்தியத் தாளக்கருவியின் கலைஞரான கீதா சாராபாய். அவரும் ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அங்கே பதிந்த நாடாக்கள் அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பால் பர்காஸ் என்ற இசைக்கலைஞர் அவற்றைக் கண்டெடுத்ததால்தான் 2023இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. எவரோ அந்த நாடாக்களை எடைக்குப் போட்டிருந்தால் இந்த வரலாறே இல்லை.

எடைக்குப் போடுவது எங்கள் பகுதியில் இப்போதும் நடக்கிறது. கலைந்துபோன மெல்லிசைக் குழுக்களின் எக்கோ பெட்டிகள், ரிதம் பாக்ஸ்கள், பழைய சின்தசைசர்கள் ஆகியவை காயலான் கடைகளில் செப்புக் கம்பிக்காக உடைக்கப்படுவதை நானே பார்த்திருக்கிறேன். நடுகற்களைச் சேர்த்துக் காத்துவரும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இவற்றுக்கும் ஓர் அலமாரி ஒதுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன அதே கருவி, குழு கலைந்தபோது கூலி பாக்கிக்கு ஈடாக என்னிடம் வந்தது. பழுது நீக்கி இலவசமாகவே தருகிறேன். கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல், பள்ளிப் பிள்ளைகள் வந்தால் தொட்டு வாசிக்க விட வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. சுவிட்சைப் போட்டதும் வாசிக்காமல், சூடேறிச் சுருதி நிலைக்கும்வரை கால் மணி நேரம் பொறுக்கச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். அழைத்தால் அதற்கும் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்