லிஸ்பனில் கூரை இல்லாத மாதா கோயில்

திருச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வராசு,

நாங்கள் ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. கமலாவுக்கு முழங்கால் வீக்கம் இப்போதுதான் வடிந்திருக்கிறது. போனில் பாதியில் விட்டதை எழுதுகிறேன் என்றேன் அல்லவா, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் மொத்தம் 36 பேர். பன்னிரண்டு நாளில் ஸ்பெயினும் போர்ச்சுகலும். பஸ்ஸில் ஏறுவது, இறங்குவது, தலையை எண்ணுவது, மறுபடி ஏறுவது. ஸ்பெயினை நேரில் வரும்போது சொல்கிறேன். உனக்கு எழுத வேண்டியது லிஸ்பனைப் பற்றித்தான்.

லிஸ்பன் நாகப்பட்டினம் மாதிரி நேராகக் கடலைப் பார்த்த ஊர் இல்லை. தேஜோ ஆறு அட்லாண்டிக்கில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. ஆறு என்று பேர்தான், அக்கரை நீலக் கோடாகத் தெரிகிற அளவுக்கு அகலம். காற்றில் உப்பு வாடை நம் ஊர் போலவே அடிக்கிறது. ஒரு கடை வாசலில் பக்கல்யாவ் என்கிற கருவாட்டைப் பலகை அடுக்குவது போல அடுக்கியிருந்தார்கள். காட் மீனைப் பிளந்து உப்பிட்டுக் காயவைத்தது. சமைக்கும் முன் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைப்பார்களாம். அந்த மீன் இவர்கள் கடலில் கிடைப்பதே இல்லை, நார்வே பக்கமிருந்து வருகிறது. உன் நினைவு வந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

முதல் நாள் லிஸ்பனின் பெலேம் பகுதி. ஜெரோனிமோஸ் மடத்துக் கோயிலில் நுழைந்ததும் வாஸ்கோ ட காமா கல்லறை. பிள்ளைகளைக் கொச்சிக்கு அழைத்துப் போனோமே, புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் தரையில் ஒரு கல்லைக் காட்டி, 'முதலில் இங்கேதான் புதைத்தார்கள், பிறகு எடுத்துப் போய்விட்டார்கள்' என்றாய். 'எங்க சார் எடுத்துட்டுப் போனாங்க?' என்று ஒரு பையன் கேட்டான். அந்தப் பையனுக்குப் பதில் இங்கே இருக்கிறது. 1524-ல் கொச்சியில் இறந்தவரின் எலும்புகள் இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தது 1880-ல். வெள்ளைக் கல்லில் கை கூப்பிப் படுத்திருக்கிறார். வேலைப்பாடு அற்புதம். ஆனால் 1502-ல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலை ஆட்களோடு எரித்தவர் என்பதை மறந்துவிட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் பிற்பகல் கடைவீதிக்கு என்று இரண்டரை மணி நேரம் கொடுத்தார்கள். எல்லோரும் சாமான் வாங்கப் போனார்கள். நானும் கமலாவும் மேட்டிலிருக்கும் கார்மோ கோயிலுக்குப் போனோம். கார்மேல் மாதா கோயில், 1389-ல் தொடங்கிக் கட்டியது. உள்ளே போனால் தலைக்கு மேல் கூரை இல்லை. இரண்டு பக்கமும் தூண்கள், அவற்றை இணைக்கும் கூரான வளைவுகள் மட்டும் வானத்தில் பெரிய மீனின் முள் போல நிற்கின்றன. நடுவில் புல். வளைவு ஒன்றின் மேல் ஒரு கடற்பறவை உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது.

1755 நவம்பர் 1. சகல புனிதர் திருநாள், காலை ஒன்பதரை தாண்டி. ஊரே பூசையில் இருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. கோயில்கள் அப்படியே உள்ளே இருந்தவர்கள் மேல் விழுந்தன. தப்பியவர்கள் இடிபாட்டுக்குப் பயந்து வெட்டவெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் கடல் வந்துவிட்டது. பீடங்களில் ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளிலிருந்து பிடித்த தீ நாள் கணக்கில் எரிந்தது.

செல்வா, இதைக் கேட்டபோது எனக்கு வேளாங்கண்ணிதான் கண்ணில் நின்றது. 2004 சுனாமியும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அதே ஒன்பது மணி வாக்கில்தானே வந்தது. கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

'இவ்வளவு நாளாகியும் ஏன் கூரை போடலை?' என்று கேட்டாள். அடுத்த வருடமே திரும்பக் கட்டத் தொடங்கினார்களாம். 1834-ல் துறவி மடங்களைக் கலைத்தபோது வேலை நின்றது. பிறகு யாரும் மூடவில்லை. அப்படி விட்டது நல்லது என்றே நினைக்கிறேன். கீழே ஊரைப் புதிதாகக் கட்டிய மந்திரி பொம்பால் பிரபு, சுவருக்குள் மரச்சட்டத்தால் கூண்டு வைக்கச் சொன்னார். மாதிரி ஒன்றைச் செய்து சுற்றிலும் சிப்பாய்களை நடக்கவிட்டு, அதிர்வு தாங்குகிறதா என்று பார்த்தார்களாம்.

நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காக இல்லை. அந்த மந்திரி செய்த இன்னொரு காரியத்தை உள்ளூர் வழிகாட்டி அம்மாள் சொன்னார். நாட்டின் எல்லா மாதா கோயில் பங்குகளுக்கும், அதாவது ஒவ்வொரு சாமியாரின் வட்டாரத்துக்கும், ஒரு கேள்விப் பட்டியல் போனது. எத்தனை மணிக்கு அதிர்ந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை வீடு விழுந்தது, எத்தனை பேர் இறந்தார்கள், கடல் முதலில் வற்றியதா பொங்கியதா, வழக்கத்தைவிட எத்தனை சாண் ஏறியது. சாண் கணக்கில்தான் கேட்டிருக்கிறார்கள்! பங்குச் சாமியார்கள் எழுதி அனுப்பிய பதில்கள் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலநடுக்கத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் அவற்றைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள்.

உடனே உன் சிவப்பு அட்டைக் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தபோது, நிவாரணப் பட்டியலுக்கு என்று தொடங்கினாய். அப்புறம் கீச்சாங்குப்பத்திலிருந்தும் அக்கரைப்பேட்டையிலிருந்தும் வந்த ஒவ்வொருவரிடமும் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை தரம் வந்தது, எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்டு எழுதினாய். 'தென்னை மரத்துப் பாதிக்குத் தண்ணி, சார்' என்று ஒரு ஆத்தா சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதியதைப் பார்த்தேன். 'சோறு போடுற நேரத்துல இது எதுக்குப்பா?' என்று நான் கோபப்பட்டேன். நீ பதில் சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாய். நான் அன்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

கடைசி நாள் சாயங்காலம் ஆற்றங்கரைச் சதுக்கத்துக்குப் போனோம். நிலநடுக்கத்துக்கு முன் அரண்மனை இருந்த இடம். ஊர்க்காரர்கள் இன்னும் அரண்மனை முற்றம் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே இரண்டு தூண்களுக்கு நடுவே படிக்கட்டு ஆற்றுக்குள் இறங்குகிறது. கீழ்ப்படிகளில் பச்சைப் பாசி. தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. பஸ் கிளம்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நோட்டு இருக்கிறதா? வீடு மாற்றியபோது எங்கே வைத்தாய்? பரணில் இருந்தால் இன்றே இறக்கிவிடு, உங்கள் வீட்டில் கரையான் அதிகம். என் மருமகன் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து தருகிறேன் என்கிறான். பென்சிலில் எழுதியது மங்கியிருந்தால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து படித்து எழுதிவிடலாம். அந்த ஆத்தாவின் வீட்டில் யாராவது இருந்தால் அவர்களிடமும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

தை பிறந்ததும் வருகிறேன். உனக்கு எண்ணெயில் போட்ட மத்தி நாலு டப்பா வாங்கி வந்திருக்கிறேன். மூடியில் அழகாகப் படம் போட்டிருக்கிறது, தின்று முடித்ததும் தூக்கிப் போடாதே.

அன்புடன்,
கணேசன்