வூவ்ரேயிலிருந்து அப்பாவுக்கு: ஒரு புளிப்புத் திராட்சையின் கதை

வூவ்ரே, பிரான்ஸ்
கார்த்திகை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்கள், அம்மா, அப்பத்தா, அண்ணன், மதினி, தங்கச்சி அனைவரும் நலமாக இருக்கச் சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் அறுவடை உச்சத்தில் இருந்த வாரம் வந்து சேர்ந்தது. மழை வருவதற்குள் பழத்தை இறக்கிவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்ததால் அன்றே பதில் எழுத இயலவில்லை. தோட்டத்து அவசரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஒரே திராட்சையிலிருந்து புளிப்பு மதுவும் தேன் போன்ற மதுவும் எப்படி வருகிறது என்பது ஒன்று. அந்தக் கொடியை நம் தோட்டத்தில் வைத்தால் பிழைக்குமா என்பது இன்னொன்று. கைபேசியில் நாலு வார்த்தையில் சொல்லக்கூடியவை அல்ல என்பதால் பொறுமையாக எழுதுகிறேன். அண்ணனை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் வேலை செய்யும் கொடியின் பெயர் ஷெனின் பிளாங். லுவார் ஆற்றின் கரையில், தூர் நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் வூவ்ரேயில் வெள்ளை மதுவென்றால் அநேகமாக இந்த ஒரு கொடிதான். காய் சிறியது, தோல் மெல்லியது, குலை காற்றுப் புக இடமில்லாமல் நெருங்கிக் கட்டியிருக்கும். நம் பன்னீர்த் திராட்சையைப் போல வாயில் போட்டவுடன் மணக்கிற பழம் அன்று. பழுக்கும் முன் கடித்தால் பல் கூசும். அந்தப் புளிப்புதான் அதன் சொத்து என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் விளங்கியது. பழத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் புளிப்பு இறங்கிப்போகாமல் கூடவே நிற்கும் குணம் எல்லா இரகத்துக்கும் வாய்ப்பதில்லை.

இதைக் காப்பாற்றுவது எளிதில்லை, அப்பா. இளவேனிலில் மற்றவற்றுக்கு முன்னால் துளிர்க்கும், இலையுதிர் காலத்தில் மற்றவற்றுக்கெல்லாம் பின்னால் பழுக்கும். முன்னால் துளிர்ப்பதால் ஏப்ரல் மாத உறைபனி நேராகத் துளிரின் மேல் விழுகிறது. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுவதும் அப்படி ஒரு பனி விழுந்து பெருஞ்சேதமானது. பனி விழும் என்று தெரிந்தால் வரிசைகளுக்கு இடையே மெழுகு நிரப்பிய வாளிகளை நள்ளிரவுக்குப் பின் கொளுத்தி வைத்து, விடியும் வரை காவல் இருக்கிறார்கள். நானும் ஓர் இரவு அப்படி நின்றேன். கண்ணுக்கெட்டிய வரை மலைச்சரிவில் தீபங்கள் எரிந்தன. பார்க்க அழகாக இருந்தாலும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லோருடைய கண்ணும் வெப்பமானியின் மேலேயே இருந்தது. பனிக்குத் தப்பினால் ஆலங்கட்டி மழை. 2013 ஜூனில் ஒரே நாள் பெய்த ஆலங்கட்டியில் இவ்வூர்த் தோட்டங்களின் பெரும்பகுதி அழிந்ததை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

இங்கே பந்தல் கிடையாது. கல்தூண் நட்டுத் தலைக்கு மேல் கொடி படரவிடுவது நமக்கு வெயிலிலிருந்து பழத்தைக் காப்பாற்ற. இவர்களுக்கோ கிடைக்கிற வெயில் அத்தனையும் பழத்துக்கு வேண்டும். ஆகையால் கொடியைக் குட்டையாக வெட்டி, கம்பியில் கட்டி, நெருக்கமான வரிசைகளில் நிறுத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒரே போகம். குளிர்காலம் முழுவதும் கொடி உறங்குகிறது, அப்போதுதான் கவாத்து. நம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் பழம் இறங்கும் என்று நான் சொன்னபோது உடன் வேலை செய்பவர்கள் நம்பவே இல்லை.

மண்ணுக்கு அடியில் துஃபோ என்கிற வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல். நகத்தால் கீறினால் மாவாக உதிரும் அளவுக்கு மென்மையானது. மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். இந்தப் பக்கத்து அரண்மனைகளைக் கட்டியதெல்லாம் இந்தக் கல்லில்தான். கல்லை வெட்டி எடுத்த குகைகளே இன்று மது வைக்கும் நிலவறைகள். கோடையானாலும் குளிரானாலும் உள்ளே சுமார் 12 டிகிரிதான். குகைகளிலேயே குடியிருப்பவர்களும் உண்டு. எனக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி அப்படிப்பட்டவர். அவர் வீட்டுக்கு முன்சுவரும் கதவும் மட்டும்தான் வெளியே தெரியும். அடுப்படிப் புகைக்கூண்டு மேலே திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் முளைத்து நிற்கும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற டிராக்டர் ஒவ்வொன்றையும் யாருடையது, எந்தத் தோட்டத்துப் பழம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். நடுவில் வைக்கோல் தண்டு செருகிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை எனக்கு அடிக்கடி வெட்டித் தருகிறார். சோற்றோடும் ஊறுகாயோடும் அதை நான் சாப்பிட்டதைப் பார்த்து முதலில் பதறினார். இப்போது அந்த ஊறுகாயைக் கேட்டு வாங்கிப்போகிறார்.

இனி உங்கள் முதல் கேள்வி. இந்தப் பழம் என்ன மதுவாகும் என்பதை மனிதன் முன்கூட்டி முடிவு செய்வதில்லை. அந்த ஆண்டின் வானம் முடிவு செய்கிறது. செப்டம்பர் குளிர்ந்து, பழத்தில் சர்க்கரை ஏறாமல் புளிப்பு மிஞ்சி நின்றால், அதை நுரை மதுவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். புட்டியிலேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, அதில் எழும் காற்றை உள்ளேயே அடைத்து வைப்பது. வூவ்ரேயின் உற்பத்தியில் பாதிக்கும் மேல் இதுதான். இலையுதிர் காலம் ஓரளவு வெயிலோடு இருந்தால் சர்க்கரை முழுவதும் நொதித்து முடிந்து ‘செக்’ என்கிற உலர்ந்த மது; பச்சை ஆப்பிளும் பேரிக்காயும் சாமந்தி இனத்துச் சீமைப்பூவும் கலந்த வாசனை. இன்னும் கொஞ்சம் நன்றாகப் பழுத்தால் நொதித்தல் முடியும் முன்பே நின்று லிட்டருக்குப் பத்துப் பதினெட்டு கிராம் சர்க்கரை தங்கிவிடும், அது ‘தெமி-செக்’. 45 கிராம் வரை போனால் ‘முவல்லே’, அதற்கும் மேல் முழு இனிப்பு.

இனிப்பு மதுவின் சங்கதி நீங்கள் நம்ப மறுக்கப்போகிற சங்கதி. நம் தோட்டத்தில் குலையில் பூஞ்சணம் கண்டால் அன்றே மருந்து தெளிக்க ஓடுவோம். இங்கே நல்ல ஆண்டுகளில் ஒரு பூஞ்சணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஆற்றிலிருந்து காலையில் மூடுபனி ஏறி, மதியம் வெயிலும் காற்றும் அடிக்க வேண்டும். அப்போது பழம் பொன்னிறமாகி, பிறகு ஊதா கலந்த பழுப்பாகி, தோல் சுருங்கி, மேலே சாம்பல் தூள் படர்கிறது. பூஞ்சணம் தோலைத் துளைப்பதால் பழத்தின் தண்ணீர் வற்றி, சர்க்கரையும் புளிப்பும் வாசனையும் உள்ளே இறுகுகின்றன. மதியமும் மழை பெய்தாலோ அதே பூஞ்சணம் பழத்தை வீணாக அழுக வைத்துவிடும். குலை முழுவதும் ஒரே நாளில் இந்நிலைக்கு வருவதில்லை. ஆகவே ஒரே வரிசைக்குத் திரும்பத் திரும்பப் போய், குறுங்கத்தரியால் குலையின் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுக்கிறோம். ஐயம் வந்தால் முகர்ந்து பார்க்க வேண்டும்: காடி வாசனை அடித்தால் மண்ணில் போட வேண்டும், தேனும் காளானும் கலந்த வாசனை வந்தால் கூடையில். எனக்கு மூக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லி மேற்பார்வையாளர் என்னைச் சந்தேகக் குலைகள் இருக்கும் வரிசைகளுக்கே அனுப்புகிறார். அப்பத்தா ஓமமும் சீரகமும் முகர்ந்து பழக்கிய மூக்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது!

இவ்வளவு சர்க்கரையும் திகட்டாமல் இருப்பது அந்தப் புளிப்பினால்தான். பல பத்தாண்டுகள் புட்டியில் கெடாமல் வளர்வதும் அதனால்தான். 1947, 1989, 1990 என்ற ஆண்டுகளைச் சொன்னால் இவ்வூர்ப் பெரியவர்களின் குரலே மாறிவிடுகிறது. வயதாக வயதாகப் பூவாசனை போய்த் தேன்மெழுகு, இஞ்சி, உலர்ந்த புல் ஆகியவற்றின் வாசனை வருகிறது. என்னைக் கேட்டால் உலர்ந்ததும் இல்லாமல் முழு இனிப்பும் இல்லாமல் நடுவில் நிற்கும் தெமி-செக்தான் இந்தத் திராட்சையின் முழுக் குணத்தையும் காட்டுகிறது. வாங்குகிறவர்களுக்கு உலர்ந்ததோ இனிப்போ என்று ஒன்று தெளிவாக இருந்தால்தான் பிடிக்கிறது என்பதால் அதைக் குறைவாகச் செய்கிறார்கள். எனக்கு அது வருத்தம். அம்மா கவலைப்பட வேண்டாம், சுவைத்துப் பார்த்துத் துப்பிவிடுவதுதான் இத்தொழிலின் முறை.

இங்கிருந்து மேற்கே சவென்யேரில் இதே கொடி கருங்கற்பலகை மண்ணில் வளர்ந்து இறுக்கமான உலர்ந்த மதுவாகிறது. அதற்கு எதிர்ப்பக்கம் லெயோன் ஆற்றின் சரிவுகளில் பெரும்பாலும் இனிப்பு. தென்னாப்பிரிக்காவில் பிரான்சைவிடவும் அதிகப் பரப்பில் ஷெனின் இருக்கிறது. நம் நாட்டிலேயே நாசிக்கில் பயிரிட்டு மது செய்கிறார்கள்.

ஆனாலும் நம் தோட்டத்தில் வேண்டாம், அப்பா. நாசிக்கில் குளிர்காலத்து இரவுகள் நன்றாகக் குளிர்கின்றன. நம் கம்பம் பள்ளத்தாக்கில் பழம் முதிரும் நாளில் இரவும் சூடாக இருந்தால் புளிப்பு கரைந்துபோய்ச் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். ஐப்பசி மழையில் இந்த நெருங்கிய குலை இரண்டே நாளில் அழுகிவிடும். மது ஆலை இல்லாத இடத்தில் தின்னவும் விற்கவும் ஆகாத பழம் நமக்கு எதற்கு? பன்னீரைப் பிடுங்க வேண்டாம். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கொடி அது. நம் மண்ணின் பெயரால் 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

பன்னீரை இங்கேயும் பார்த்தேன். தூர் சந்தையில் ஒரு பெட்டியில் கருநீலக் குலைகள், தென்பகுதியிலிருந்து வந்தவை, ‘மஸ்கட் தி ஆம்பூர்’ என்று பலகை எழுதியிருந்தது. நம் கொடியின் சொந்தப் பெயர் அதுதான். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அந்த வாசனையில் நம் பந்தலடி நிழலும், பெட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துக்கொண்டிருக்கும் அம்மாவும், நீங்கள் எடைபோடும் சத்தமும் ஒன்றாக வந்து நின்றன. கடைக்காரர் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்; எனக்குப் பேச்சு வரவில்லை. தீபாவளியன்று நான் வேலையில் இருந்தேன் என்று அண்ணனிடம் சொன்னேன் அல்லவா, அன்று விடுமுறைதான். கைபேசியில் உங்கள் எல்லோருடைய குரலையும் ஒரே நேரத்தில் கேட்டால் தாங்காது என்றுதான் அப்படிச் சொன்னேன். அம்மாவிடம் இந்த வரியைப் படிக்க வேண்டாம்.

அறை வசதியாக இருக்கிறது. வெப்பமூட்டி இருந்தாலும் நான் அதிகம் போடுவதில்லை, குளிர் பழகிவிட்டது. அறுவடை முடிந்ததால் இனி கவாத்து வேலை, அதற்குக் கொடிக்கணக்கில் கூலி. அதனால் இந்த மாதமும் அடுத்த மாதமும் அனுப்புவது சற்றுக் குறையும். தை பிறந்ததும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

வாய்க்காலை ஒட்டிய கீழ்த்தோட்டத்தை மனைக்குக் கேட்டு ஆள் வந்ததாகவும், சின்ன மாமா கொடுத்துவிடலாம் என்று சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இவ்வூருக்கு அதிவேக ரயில் பாதை வந்தபோது திராட்சைத் தோட்டங்களைப் பிளந்துகொண்டு போவதாக இருந்தது. அப்போது மேயராக இருந்த காஸ்தோன் உவே தாமும் ஒரு மது உற்பத்தியாளர். ஊரோடு சேர்ந்து போராடியதில் பாதை தோட்டங்களுக்கு அடியில் சுரங்கமாகப் போனது. இப்போது என் காலுக்கு அடியில்தான் ரயில் ஓடுகிறது, மேலே கொடி நிற்கிறது. மாமா சொல்கிற விலை இன்று பெரிதாகத் தோன்றும். ஆனால் கிணறு இருப்பது கீழ்த்தோட்டத்தில். அதைக் கொடுத்தால் மேல்தோட்டத்துக்குத் தண்ணீர் ஏது? நான் வரும் வரை முன்பணம் எதுவும் வாங்க வேண்டாம் என்று மாமாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அண்ணன் சொன்னால் சண்டையாகும்.

கூடலூர் அத்தை தங்கச்சியைக் கேட்பது நல்ல மனத்தோடுதான். அவள் கடைசி ஆண்டுத் தேர்வை எழுதி முடிக்கட்டும், அதன் பிறகு அவளையே கேட்டுப் பதில் சொல்லலாம் என்று அத்தைக்குச் சொல்லுங்கள். முகம் கோணாமல் அம்மாதான் சொல்ல வேண்டும். மதினிக்கு இது ஏழாவது மாதம் என்றால் வளைகாப்பைத் தைக்குத் தள்ளிப்போட வேண்டாம், செலவைப் பார்க்காமல் நல்ல நாள் பாருங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருக்கும் அம்மாவின் சங்கிலிக்கு வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டிய தேதி எது என்று அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள். மேல்தோட்டத்தில் கவாத்து முடிந்ததும் அடிச்சாம்பல் நோய்க்கு முதல் மருந்தை, இலை விரிவதற்கு முன்பே அடித்துவிடச் சொல்லுங்கள். போன போகத்தில் ஆள் கிடைக்காமல் தாமதமானதால்தான் கடைசி இரண்டு வரிசை போயிற்று.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்