அத்தைக்கு, மாடியறையைக் கேட்டு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது, பின்னறையில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த நான்கு பூனைக்குட்டிகளைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டீர்கள். "அதுக்குத்தான் விலங்குக் காப்பகம்னு ஒண்ணு இருக்கே, வீட்டுல எதுக்கு?" என்பது ஒன்று. "வளர்த்து யாருக்கோ கொடுத்துட்டா மனசு கேக்குமா?" என்பது இன்னொன்று. நீங்கள் கிளம்பும் அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு உங்களிடமே பதில் இருக்கிறது. ஊரில் தாய் செத்துப்போன ஆட்டுக்குட்டியை மந்தையோடு விட்டுவிட்டா வந்தீர்கள்? அடுப்படிப் பக்கம் சாக்கு விரித்து, ராத்திரி எழுந்து எழுந்து பாட்டிலில் பால் கொடுத்தீர்கள். பூனைக்குட்டிக்கும் அப்படித்தான். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம்தான் இருக்கும். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும், பால் கொடுக்க வேண்டும். பசும்பால் ஆகாது, பேதியாகிவிடும். பூனைக்குட்டிக்கென்றே விற்கிற பால்பவுடரைத்தான் கரைத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடியில் மெதுவாகத் துடைத்துவிட்டால்தான் சிறுநீரே கழியும். தாய்ப்பூனை நக்கிவிடுவது அதற்காகத்தான். சமையலறைத் தராசில் தினமும் காலையில் நிறுத்து எழுதிவைக்கிறேன். நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஆளுக்கு இருபது முப்பது பூனைகளைப் பார்த்துக்கொள்கிற காப்பகத்தில் இதையெல்லாம் யாரால் செய்ய முடியும்?

எனக்கும் இது கைவந்து பழகியதல்ல. முதல் வருடம் மழையில் நனைந்த குட்டி ஒன்று வந்தது. பசியில் கத்துகிறதே என்று உடனே பால் கொடுத்துவிட்டேன். உடம்பு சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது, முதலில் சூடேற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. விடிவதற்குள் போய்விட்டது. இன்றைக்கும் எந்தக் குட்டி வந்தாலும், துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பால் கரைக்கவே போவேன்.

அப்புறம், அன்றைக்கு அறைக்குள் போகும்போதும் வெளியே வந்த பிறகும் கை கழுவச் சொன்னேனே, உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். பான்லூக்கோபீனியா என்று ஒரு நோய் இருக்கிறது. தடுப்பூசி போடாத குட்டிகளை வாந்தி, பேதி என்று ஓரிரு நாளிலேயே கொண்டுபோய்விடும். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். பினாயில் அதைக் கொல்லாது, பூனைக்கும் ஆகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர்தான் வேண்டும். தினமும் புதிதாகப் பூனைகள் வந்துகொண்டிருக்கும் காப்பகத்தில், எவ்வளவு கவனமாக இருந்தாலும், இதைத் தடுப்பது பெரும்பாடு. கதவைச் சாத்திவைத்த ஓர் அறை நம் வீட்டில் இருக்கிறது. அந்த வயதுக் குட்டிக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

சரி, இரண்டாவது கேள்வி. மனசு கேட்காதுதான் அத்தை. போன மாதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் அது போனதால்தான் இந்த நான்குக்கும் இடம் கிடைத்தது. உங்கள் மடியில் ஏறித் தூங்கியதே அந்தக் கறுப்புக்குட்டி, வந்த புதிதில் கையை நீட்டினாலே சீறும். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும் மனிதர் கை பட்டு வளர்கிற குட்டிதான் நம்மை நம்பிப் பழகும். அந்தப் பருவத்தில் கூண்டுக்குள்ளேயே கிடந்தால் பயம் எளிதில் போகாது. யாரோ ஒருவர் வீட்டில் அது பயமில்லாமல் இருக்கப்போகிறது என்றால், நான் அழுதால் பரவாயில்லை.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். காப்பகத்தில் பத்து வயதுப் பெண் பூனை ஒன்று இருக்கிறது. வீட்டில் வளர்ந்தது. நாய்கள் குரைக்கும் சத்தத்தில் கூண்டின் மூலையிலேயே சுருண்டுகிடக்கிறது, சாப்பாடு குறைந்துகொண்டே வருகிறது. பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அமைதியான வீடு கிடைத்தால் தேறும் என்கிறார் டாக்டர். குட்டிகளுக்கு இன்னும் ஊசி போடாததால் இங்கே கொண்டுவர முடியாது. உங்கள் மாடியறை சும்மாதானே பூட்டிக்கிடக்கிறது?

இரண்டு மாதம் போதும். ராத்திரி எழுந்திருக்க வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும், கூப்பிடாதீர்கள். நீங்கள் பாட்டுக்கு அங்கே உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். சாப்பாட்டை லேசாகச் சூடுகாட்டி வைத்தால் வாசனைக்கு வரும். மாமாவின் பாராசிட்டமால் மாத்திரை மட்டும் அலமாரிக்குள் இருக்கட்டும், பூனைக்கு அது விஷம்.

சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வரட்டுமா? தட்டும் மணலும் நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்