ஜெனரல் பேட்டனை மேடைக்கு அழைத்து வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தன்னம்பிக்கைப் பேச்சாளர்களே, நிறுவனப் பயிற்சியாளர்களே,

வணக்கம். விற்பனைக் கூட்டமோ, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான வகுப்போ, எதுவானாலும் உங்கள் திரையில் எப்படியும் ஒருமுறை அவர் வந்துவிடுகிறார். பளபளக்கும் தலைக்கவசம், இடுப்பில் தந்தப் பிடி போட்ட துப்பாக்கி, முறைக்கும் கண்கள். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க ஜெனரல் ஜார்ஜ் எஸ். பேட்டன். நாட்டுக்காகச் சாவது பெரிதல்ல, எதிரியை அவன் நாட்டுக்காகச் சாகவைக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வசனம் ஓடும். அரங்கம் கைதட்டும். அப்புறம் நீங்கள் இந்தக் காலாண்டின் டார்கெட்டுக்கு வருவீர்கள்.

அவரைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் ஊரிலும் அந்தப் பெயர் பழகியதுதான். 1965 போரில் பஞ்சாபின் கேம்கரண் பக்கத்தில் பாகிஸ்தானின் டாங்கிகள் குவியலாக வீழ்ந்த இடத்தை ‘பேட்டன் நகர்’ என்றே அழைத்தார்கள். அந்த டாங்கிகளுக்கு இவர் பெயரைத்தான் வைத்திருந்தது அமெரிக்கா. என் கோரிக்கை வேறு. அந்த உரையைச் சொல்வதென்றால் முழுதாகச் சொல்லுங்கள். அவர் பேச்சுகளைக் கேட்டவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் 1970-இல் வந்த ‘பேட்டன்’ திரைப்படத்தின் தொடக்கக் காட்சி. திரையை அடைக்கும் கொடியின் முன் நின்று கரகரத்த குரலில் முழங்குபவர் ஜார்ஜ் சி. ஸ்காட் என்ற நடிகர். உண்மையான பேட்டனின் குரல் மெல்லியது, கொஞ்சம் கீச்சென்று இருக்கும். வசவுகளோ படத்தில் உள்ளதைவிட அதிகம். 1944-இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முந்தைய மாதங்களில், இங்கிலாந்தில் தன் மூன்றாம் படையின் பிரிவுகளிடம் அவர் பலமுறை பேசினார். கையில் குறிப்பு கிடையாது. அதிகாரபூர்வப் பிரதியும் கிடையாது. கேட்டவர்கள் நினைவிலிருந்து எழுதி வைத்ததைத் தொகுத்ததுதான் இன்று நம்மிடம் இருக்கிறது. அப்போது அவர் அங்கே இருப்பதே ரகசியம். பிரான்சின் கலே கரைப் பக்கமாக இறங்கப்போகும் ஒரு பெரும் படைக்கு அவர்தான் தலைவர் என்று ஜெர்மானியரை நம்பவைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு படையே இல்லை. நான் இங்கே இருப்பது உங்களுக்குத் தெரியாது என்று அந்த உரையிலேயே வீரர்களிடம் சொல்லி வைத்தார்.

அந்த உரையில் எனக்குப் பிடித்த இடம் படத்தில் இல்லை, உங்கள் திரையிலும் வருவதில்லை. வட ஆப்பிரிக்காவில் துனிஸ் நகரை நோக்கிப் படை நகரும்போது, குண்டு மழைக்கு நடுவே ஒருவன் தந்திக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறான். என்னடா செய்கிறாய் என்கிறார் பேட்டன். கம்பியைச் சரிசெய்கிறேன் ஐயா என்கிறான். இந்த நேரத்தில் அங்கே இருப்பது உடம்புக்கு ஆகாதே? ஆமாம் ஐயா, ஆனால் கம்பியைச் சரிசெய்தாக வேண்டுமே. சாலையைச் சுட்டுக்கொண்டு போகிற விமானங்கள் உன்னைத் தொந்தரவு செய்யவில்லையா? இல்லை ஐயா, நீங்கள்தான் செய்கிறீர்கள்! தன்னையே மட்டம்தட்டிய அந்தப் பதிலை ஆயிரக்கணக்கானவர் முன் தானே சொன்னார் ஜெனரல். ஆப்பிரிக்கப் போரில் தான் கண்ட மிகத் துணிச்சலான ஆட்களில் அவனும் ஒருவன் என்றார். தொடர்ந்து, இரவும் பகலும் தூங்காமல் லாரி ஓட்டியவர்களைப் பற்றிப் பேசினார். வெந்நீர் வைப்பவனுக்கும் இந்தப் போரில் வேலை இருக்கிறது என்றார்.

அது வெறும் மேடைப் பேச்சாகவும் போகவில்லை. 1944 ஆகஸ்ட் முடிவில், பிரான்சைக் குறுக்கே கடந்து பாய்ந்த மூன்றாம் படை, பெட்ரோல் தீர்ந்து மியூஸ் ஆற்றங்கரையில் நின்றது. அப்போது ஜெனரலின் முழக்கத்தால் ஒரு டாங்கியும் ஓரடி நகரவில்லை. கடற்கரையிலிருந்து முன்னணிவரை சரக்கு ஏற்றி வந்த ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ லாரிகளின் ஓட்டுநர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர்கள். வெள்ளையரோடு சேர்ந்து ஒரே பிரிவில் இருக்க அனுமதிக்காத ராணுவத்துக்காகத்தான் அவர்கள் ஓட்டினார்கள்.

ஜெர்மானியர் முற்றுகையிட்ட பெல்ஜிய ஊரான பாஸ்டோனின் கதையையும் நீங்கள் சொல்வதுண்டு. 1944 டிசம்பர் 19 அன்று, பிரான்சின் வெர்டனில் நடந்த தளபதிகள் கூட்டத்தில், மூன்று நாளில் மூன்று டிவிஷன்களோடு வடக்கே திரும்பித் தாக்குகிறேன் என்றார். அங்கிருந்த பலர் நம்பவில்லை. 26-ஆம் தேதி அவர் படை பாஸ்டோன் முற்றுகையை உடைத்தது. ‘முடியாது என்ற சொல்லே கிடையாது’ என்று இதற்கு நீங்கள் தலைப்பு வைக்கிறீர்கள். அவருடைய உளவு அதிகாரி ஆஸ்கர் காக் டிசம்பர் தொடக்கத்திலேயே ஜெர்மானியர் தாக்கக்கூடும் என்ற ஆபத்தைக் கணித்துச் சொல்லியிருந்தார். பேட்டனின் அலுவலர்கள் திட்டங்களைத் தயார்செய்து வைத்திருந்தார்கள். வெர்டனிலிருந்து அவர் போனில் குறிச்சொல்லைச் சொன்னதும் வேலை தொடங்கியது. மேசை முன் உட்கார்ந்து வரைபடம் பார்த்தவர்கள் உங்கள் கதையில் ஒரு வரிகூட வருவதில்லை.

சரி, இது வரை விட்டுப்போன நல்லவை.

முதல் சண்டையில் பயப்படாதவன் எவனும் இல்லை, இல்லையென்பவன் பொய்யன் என்று அந்த உரையில் பேட்டன் சொன்னார். அதற்கு முன், ஓராண்டுகூட ஆகாத கதை இது: 1943 ஆகஸ்டில், இத்தாலியின் சிசிலித் தீவில், ஒரு வாரத்துக்குள் இரண்டு ராணுவ மருத்துவமனைகளில் இரண்டு வீரர்களை அவர் அறைந்தார். மனம் உடைந்துபோய் அங்கே வந்தவர்கள் அவர்கள். கோழைகள் என்று திட்டினார். முதலாமவருக்கு மலேரியா இருந்தது பிறகு தெரிந்தது. பேட்டனை மன்னிப்புக் கேட்க வைத்தார் அவருடைய மேலதிகாரி ஜெனரல் ஐசனோவர். வேலை அழுத்தம் தாங்கவில்லை என்று சொல்லும் இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு இதே பேட்டனைக் காட்டி, பயத்தை வீட்டில் விட்டுவிட்டு வா என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அந்த அறைகள்தான் நினைவுக்கு வரும்.

அறைகளைப் பற்றியாவது பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பிஸ்காரியைப் பற்றி உங்களில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

சிசிலியில் இறங்குவதற்கு முன், 1943 ஜூனில், அல்ஜீரியாவில் 45-ஆம் காலாட்படை டிவிஷனின் அதிகாரிகளிடம் பேட்டன் பேசினார். அந்த டிவிஷன் அதுவரை போர்க்களம் பார்த்ததில்லை. ஜூலை 14 அன்று, பிஸ்காரி விமானத்தளத்தருகே, அந்த டிவிஷனைச் சேர்ந்தவர்கள் சரணடைந்த 73 கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலும் இத்தாலியர்கள். ஒரு சார்ஜென்ட் தானே 37 பேரைக் கொன்றார். ஒரு கேப்டன் மீதிப் பேரை நிற்கவைத்துச் சுட உத்தரவிட்டார். ராணுவ நீதிமன்றத்தில் இருவர் தரப்பும் ஜெனரலின் உரையைக் காட்டின: கடைசிவரை சுட்டுவிட்டுக் கைதூக்குபவனுக்கு இரக்கம் காட்டாதே என்றார். கேப்டன் விடுதலையானார். சார்ஜென்டுக்கு ஆயுள் தண்டனை, அதுவும் முழுதாக நடக்கவில்லை. மீண்டும் படைக்கே திரும்பினார். கைதிகளைக் கொல்லச் சொல்லவில்லை என்று விசாரணையில் பேட்டன் விடுவிக்கப்பட்டார்.

அவர் அப்படிச் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். செய்தியைக் கொண்டுவந்த, தனக்குக் கீழே இருந்த ஜெனரல் பிராட்லியிடம், இறந்தவர்கள் மறைந்திருந்து சுட்டவர்கள் அல்லது தப்பியோட முயன்றவர்கள் என்று சான்று எழுதச் சொல்லும்படி கூறியதாகப் பேட்டனே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிராட்லி அதைக் கேட்கவில்லை. அதனால்தான் வழக்கே நடந்தது.

உங்களிடம் நான் பேச வந்தது இதைத்தான். மேடையில் இருப்பவருக்கு அது உசுப்பேற்றல், கீழே இருப்பவருக்கு அது அனுமதிச் சீட்டு. கடன் வசூலுக்குப் போகிறவர்களைக் காலையில் கூட்டி வைத்து ‘இரக்கம் பார்த்தால் தோற்றுப்போவாய்’ என்று முழங்குகிறீர்கள். மாலையில் யாரோ ஒரு வீட்டு வாசலில், அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்க, ஒரு அம்மா அவமானப்பட்டு நிற்கிறார். அப்படிச் செய்யச் சொல்லவில்லையே என்று நீங்களும் சொல்லலாம். ஆவணப்படி உண்மையாகவும் இருக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். திரைப்படக் காட்சியைப் போட்டால், அது படம் என்று சொல்லுங்கள். தந்திக் கம்பத்து ஆளின் கதையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது, அரங்கமும் சிரிக்கும். வசூல், விற்பனை மாதிரி, எதிரே இன்னொரு மனிதர் நிற்கிற வேலைக்குப் போகிறவர்களிடம் பேட்டனைக் கொண்டுபோனால், பிஸ்காரியையும் கூடவே கொண்டுபோங்கள். அதைச் சொன்னால் கைதட்டல் குறையும் என்று நினைத்தால், அந்தக் கூட்டத்துக்கு வேறு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காரும் ஒருவன்