ஆத்தோடு போகப் பார்த்த சாவி

திருவையாறு,
ஆவணி 12

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போர்செட் தண்ணீரை நம்பி முன்னாடியே நட்ட குறுவை அறுப்புக்கு நின்றது. மிஷின் கிடைத்த அன்று மழை, மழை விட்ட அன்று மிஷின் இல்லை. ஒருவழியாக அறுத்து, களத்தில் கொட்டிக் காயவைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்து, மூட்டை லாரியில் ஏறியது நேற்று சாயங்காலம்தான். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பேரன் பேச ஆரம்பித்துவிட்டான், நிறுத்தத்தான் தெரியவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார் வாங்கினாய், ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள், இன்னொன்று செய்ய சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகைக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, நானும் இதே நிலையில் நாலு வருஷம் வண்டி ஓட்டியவன். எனக்கு விற்றவர், "இன்னொரு சாவி வீட்லதான் எங்கியோ கெடக்கு, தேடி அனுப்புறேன்" என்றார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

வாங்கிய புதிதில், தெருவோரம் மிஷின் வைத்துச் சாவி வெட்டுகிற ஒருவரிடம் 150 ரூபாய்க்கு ஒரு டூப்ளிகேட் போட்டேன். அச்சு அசலாக வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது, டிக்கி திறந்தது. திருப்பினால் இன்ஜினும் கிளம்பியது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் அணைந்துபோனது. மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு ஒன்று மினுக்கு மினுக்கென்று மினுக்கியது. பத்துத் தரம் திருப்பினேன், பத்துத் தரமும் அதே கதை. அந்தச் சாவி இப்போதும் இருக்கிறது. பேரன் அதை வைத்துத்தான் மர நாற்காலியை ஓட்டுகிறான்.

அப்புறம் இந்த விஷயத்தையே மறந்துவிட்டேன். நினைவுபடுத்தியது காவிரி.

ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போனோம். நடக்கிற தூரம்தான், ஆனால் முழங்கால்காரியை எப்படி நடக்க விடுவது? காரை எடுத்தேன். புதுத்தண்ணீர் செங்காவியாகப் படியை இடித்துக்கொண்டு ஓடியது. படியெல்லாம் காதோலை, கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு. சாவியை வேட்டி மடியில் செருகியிருந்தேன். தண்ணீருக்குள் மூன்றாவது படியில் நின்று ஒரு முழுக்குப் போட்டு எழுந்தேன். மடி லேசாக இருந்தது.

மாப்ளே, அந்த நிமிஷத்தில் வயிற்றில் என்ன ஓடியது என்று எழுத முடியாது. காலால் படியைத் துழாவினேன். பாசி, தேங்காய் ஓடு, யாரோ விட்ட வளையல். சில்லறை பொறுக்க முழுகிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் பக்கத்தில் வந்தான்.

"என்னா மாமா தேடுறீங்க?"

"சாவிடா."

"வூட்டுச் சாவியா, கார் சாவியா?"

"கார்."

"அப்ப எரநூறு."

நாலாவது முழுக்கில் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுந்தான். எரநூறைக் கொடுத்தேன். பின்னால் நான் விசாரித்த விலைகளை வைத்துப் பார்த்தால், பயல் ரொம்பக் குறைவாகத்தான் கேட்டிருக்கிறான்.

ரிமோட் பட்டனை அழுத்தினேன், செத்துக் கிடந்தது. சாவியை நுழைத்துக் கதவைத் திறந்தேன். தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் இக்னிஷனில் போட்டுத் திருப்பினேன். வண்டி ஒரே தடவையில் கிளம்பியது, அணையவும் இல்லை. உலர்ந்த டூப்ளிகேட்டுக்கு இரண்டு நொடிகூட நிற்காத இன்ஜின், ஆற்றில் ஊறிய ஒரிஜினலுக்கு ஓடுகிறது! இதற்கு விளக்கம் கிடைத்தது தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு சின்னக் கடையில். அதற்கு முன் சர்வீஸ் சென்டரைச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே ரிமோட்டோடு ஒரு சாவி, அதை வண்டியில் பதிகிற கோடிங் கூலி எல்லாம் சேர்த்து 7,800 என்றார்கள். வண்டியின் சேசிஸ் நம்பரை அனுப்பி வரவழைக்க வேண்டும், 15 நாள் ஆகும், முழுப் பணமும் முன்பணம். "ரெண்டு சாவியும் தொலைஞ்சிட்டா?" என்று கேட்டு வைத்தேன். லாக் செட்டையே மாற்ற வேண்டியிருக்கும், கூடவே இம்மொபிலைசர் பெட்டியும், அதாவது தப்பான சாவிக்கு இன்ஜினை ஓட விடாத பெட்டியும், சேர்ந்தால் 25,000 தாண்டும் என்றார் அங்கே இருந்த பையன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கம்பெனி சாமான், கம்பெனி முறை. வாரண்டி ஓடுகிற வண்டியாக இருந்தால் நானும் அங்கேயேதான் செய்திருப்பேன். என்னுடையது பதினோரு வயசு வண்டி.

கீழவாசல் கடைக்காரர் முதலில் கேட்டது ஆர்.சி. புத்தகமும் ஆதாரும். அதிலேயே அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. எதுவும் கேட்காமல் கார் சாவி போட்டுத் தருகிற ஆள், நாளைக்கு உன் காருக்கே வேறொருவனுக்குப் போட்டுத் தருவான். பிறகு என் சாவியை ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்பி இரண்டாகப் பிளந்தார். உள்ளே பச்சைப் பலகை ஒன்று, அதன்மேல் சிஆர் 2032 வட்ட பேட்டரி, அதைச் சுற்றி ஆற்று வண்டல். அதெல்லாம் ரிமோட். மூலையில் ஒரு பள்ளத்தில், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசாக, ஒரு கறுப்புத் துண்டு. ட்வீஸரால் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் சார் உங்க கார். மத்ததெல்லாம் சும்மா."

அந்தத் துண்டுதான் சிப். அதற்கு பேட்டரியே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி வண்டியில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது 125 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையை விடும். சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த அலையிலிருந்தே எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். வண்டியின் நினைவில் உள்ளதோடு அது ஒத்துப்போனால் இன்ஜின் ஓடும், இல்லாவிட்டால் பெட்ரோலை நிறுத்திவிடும். கொஞ்சம் பிந்திய வண்டிகளில் கார் ஒரு கேள்வி கேட்கும், சிப் உள்ளேயே கணக்குப் போட்டு விடை சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவையும் வேறு கேள்வி. நமக்குத்தான் இது புதுசு, ஐரோப்பாவில் 1998-லிருந்தே புதுக் கார்களுக்கு இது கட்டாயம். கார் திருட்டு அவ்வளவு இருந்திருக்கிறது.

ரிமோட் வேறு ஜாதி. கதவைப் பூட்டித் திறப்பதோடு அதன் வேலை சரி. பேட்டரியில் ஓடுவது, நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். சில வண்டிகளில் இரண்டையும் ஒரே பலகையில் வைத்திருப்பார்கள், என் வண்டியில் தனித்தனி. அதனால்தான் ரிமோட் முழுகிச் செத்த பிறகும் சிப் பிழைத்திருந்தது.

இதைக் கேட்டதும் எனக்குச் சரபோஜி காலேஜில் நாம் படித்த நாட்கள் ஞாபகம் வந்தன. நீ டிரங்குப் பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைத்துத் திறந்தோமே! ஐந்து நிமிஷ வேலை. திண்டுக்கல் பூட்டாக இருந்திருந்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்போம், உங்கப்பா வாங்கிக் கொடுத்தது சந்தைப் பூட்டு. இன்றைக்குக் காருக்கு எந்த ஸ்போக்கும் ஆகாது. பூட்டு கதவில் இல்லையே, அந்த உளுந்துக்குள்ளே அல்லவா இருக்கிறது!

இப்போது உனக்கு வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். ஸ்பேர் சாவிக்கு ரிமோட் எதற்கு? அது வருஷத்தில் ஒரு நாள் வெளியே வந்தால் அதிசயம். கதவைச் சாவி போட்டுத் திறந்தால் போகிறது. ரிமோட்டோடு 2,800, ரிமோட் இல்லாத வெறும் சிப் சாவி 1,400 என்றார். 1,400-க்கே சரி என்றேன். என் பழைய சாவிக்குப் புதுக் கூடு 250, பேட்டரி 50. பலகையை ஏதோ திரவம் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து உலர்த்தினார், ரிமோட் உயிர் பிழைத்துவிட்டது. ஆக மொத்தம் 1,700. பையனுக்குக் கொடுத்த எரநூறைச் சேர்த்தால் 1,900.

கூடு மாற்றும்போது கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிரு. நாமே ஆன்லைனில் கூடு வாங்கிப் பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு, சிப்போடு பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, வண்டி கிளம்பவில்லை என்று டோ பண்ணிக்கொண்டு வருகிறவர்கள் மாதம் ஒருத்தராவது உண்டாம்.

கோடிங்குக்கு வண்டியையே கொண்டுபோக வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது பார், அதில் டேப்லெட் மாதிரி ஒரு கருவியைச் செருகினார். கையில் இருக்கிற எல்லாச் சாவியையும் எடுத்துக்கொண்டு போ. பல வண்டிகளில் புதுச் சாவியைப் பதியும்போது பழையதெல்லாம் அழிந்து, இருப்பதை எல்லாம் மறுபடி பதிய வேண்டி வரும். கார் பேட்டரி சோர்ந்திருந்தால் அதற்கு முன்பே சார்ஜ் போட்டுவிடு, பாதியில் கரண்ட் படுத்தால் வம்பு.

இன்னொன்றும் உண்டு. இதை நான் விலையைவிடப் பெரிதாக நினைக்கிறேன். உனக்கு விற்ற ஆளிடம், அல்லது அவருக்கும் முன்னால் வைத்திருந்தவரிடம், உன் காருக்கு ஒரு சாவி இன்னும் இருக்கலாம். புதுச் சாவி பதியும்போது பழைய பதிவை நீக்கிவிடச் சொல். அந்தச் சாவி இனி கதவைத் திறக்கும், இன்ஜினை ஓட்டாது. இதற்கு முறையாகப் பதிவு செய்கிறவர் வேண்டும். சிலர் இருக்கிற சிப்பின் அடையாளத்தை அப்படியே நகல் எடுத்துத் தருவார்கள். அதுவும் ஓடும், விலையும் குறைவு. ஆனால் காருக்கு இரண்டும் ஒரே சாவிதான். நாளைக்கு ஒன்று தொலைந்தால் அதை மட்டும் தனியாக நீக்க முடியாது. "காப்பியா, புதுசா பதியிறீங்களா?" என்று கேட்டுவிடு.

இன்ஷூரன்ஸ் பற்றி நீ எழுதவில்லை. வண்டி திருடு போனால் கிளெய்முக்கு இரண்டு சாவியையும் கேட்பார்கள். விற்றவரிடம் "ஒரு சாவிதான் கொடுத்தேன்" என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வாங்கி வை. கேட்டால் முகம் சுளிப்பார், பரவாயில்லை. எதிர்காலத்தில் சாவி தொலைந்தால் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடு. அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது சாவி மாற்றும் செலவுக்கு ஆட்-ஆன், அதாவது பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கிற காப்பு, உண்டா என்றும் கேள்.

அப்புறம், அமெரிக்காவிலிருந்து பிள்ளை மலிவாக ரிமோட் சாவி வாங்கி அனுப்புகிறேன் என்றானாமே. வேண்டாம் என்று சொல்லிவிடு. அங்கே நிறைய வண்டிகளின் ரிமோட் 315 மெகாஹெர்ட்ஸ். பார்க்க அச்சாக ஒன்றுபோல இருக்கும், உன் கார் காது கொடுத்தும் கேட்காது. அவனுக்கு அனுப்ப ஆசையாக இருந்தால் பாதாம் அனுப்பட்டும்.

ஸ்பேர் சாவியை நான் சாமி அலமாரியில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் அங்கே இல்லை. உன் தங்கச்சி எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சா அது ஸ்பேரா இருக்காது" என்கிறாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

உன் வண்டி சாவி திருகுவதா, பட்டன் அழுத்துவதா என்று எழுதவே இல்லையே? பட்டன் என்றால் விலை கொஞ்சம் கூடத்தான் ஆகும், அதில் ரிமோட்டும் சிப்பும் சேர்ந்தே இருக்கும். இடையில் அதன் பேட்டரி தீர்ந்து கதவு திறக்காவிட்டால் பதறாதே. சாவிக்குள்ளேயே ஒரு தகட்டுச் சாவி ஒளிந்திருக்கும், இழுத்தால் வரும். உள்ளே போய், சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பார், பெரும்பாலான வண்டிகளில் கிளம்பிவிடும்.

எந்த வகை என்று எழுதினால் கடைக்காரரிடம் விலை கேட்டு வைக்கிறேன். மயிலாடுதுறையிலிருந்து அந்த ஒற்றைச் சாவியோடு கிளம்பி வா, கதவடைக்கும் முன் ஒரு தடவை பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள். வேலை முடிந்து திரும்பும்போது இங்கே இறங்கி அசோகா சாப்பிட்டுவிட்டுப் போகலாம். படித்துறைக்கும் போவோம். வேட்டி மட்டும் வேண்டாம், பாக்கெட்டுக்கு ஜிப் வைத்த அரை டிராயர் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்